மேலே வீடு இருக்கிறது, கீழே கையெழுத்து எதற்கு?



சம்பளம், சேமநிதி, சொக்சோ என்று எழுதிக்கொண்டிருந்தவன் இன்றைக்கு மோட்சத்தைப் பற்றி எழுத வந்துவிட்டானே, இவனுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

சென்ற மாதம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு காலத்தில் ரப்பர் மரம் நின்ற இடம். அதைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். இப்போது செம்பனையையும் சாய்த்துவிட்டு, நிலத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் எப்போதோ பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். லயத்தில் மிஞ்சியிருப்பது 38 குடும்பங்கள். மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. மாற்று வீடு கொடுத்த பிறகுதான் லயத்தை உடைக்க வேண்டும் என்று மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கக் கிளம்பினோம்.

முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது வரிசையில் தடங்கல். அங்கே ஏழு கிறிஸ்தவக் குடும்பங்கள். முதல் வீட்டுத் தம்பி லாரி ஓட்டுகிறவர். நல்ல மரியாதை. உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். மனுவை நீட்டினேன். நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நாங்க இத ஜெபத்துல வெச்சிருக்கோம். இந்த உலகத்து வீடு எத்தன நாளைக்கு? எங்க வீடு மேல இருக்கு. அந்த வீட்டுக்கு நோட்டீஸ் கெடையாது."

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும் அதே பதில்தான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் போலும்.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்த சங்கத்துத் தம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "விடுங்கண்ணே, அவங்க மேல போறதுக்கு டிக்கட் வாங்கிட்டாங்க. நாம நம்ம ஆளுங்கள மட்டும் பாப்போம்" என்றார். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. புல்டோசர் வரும்போது எந்த வீட்டில் மாரியம்மன் படம் இருக்கிறது, எந்த வீட்டில் சிலுவை இருக்கிறது என்று பார்த்தா உடைக்கப் போகிறது? 38 வீட்டில் 7 வீடு பிரிந்து நின்றால் யாருக்கு லாபம்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த மதத்தையும் குறை கூறுவது என் நோக்கமல்ல. நான் கிறிஸ்தவனும் அல்ல. மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி ஏந்துகிற குடும்பத்தில் பிறந்தவன். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவன். வேதத்தைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரு தகுதியும் இல்லை. ஆனால் கிறிஸ்தவக் குடும்பங்களோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவன் என்ற உரிமை இருக்கிறது.

எங்கள் லயத்தில் கத்தோலிக்கர்கள் 'மோட்சம்' என்பார்கள், மற்ற சபைக்காரர்கள் 'பரலோகம்' என்பார்கள். சொல் இரண்டு, நம்பிக்கை ஒன்று. அந்த நம்பிக்கை மனிதனை என்ன செய்தது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சம்பள நாளில் கள்ளுக்கடையைத் தாண்டி வீட்டுக்கு வந்து சேராதவர். குடிகாரனுக்குப் பரலோகத்தில் இடமில்லை என்று ஒருநாள் மனதில் தைத்தது. விட்டுவிட்டார். பிள்ளைகள் படித்தார்கள். இன்னொருவர் மண்டோர். பால் நிறுக்கும்போது ஒரு ராத்தல்கூடக் குறைத்து எழுத மாட்டார். கேட்டால், "மேல ஒருத்தர் கணக்குக் கேப்பாருய்யா" என்பார். காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், வருஷா வருஷம் நவம்பர் 2ஆம் தேதி, இறந்தோர் நினைவு நாளில், அந்தச் சின்ன மேட்டைச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி ஏற்றுவார். பிள்ளையை மறுபடியும் பார்ப்பேன் என்ற அந்த ஒரு நம்பிக்கை இல்லாவிட்டால் அந்த அம்மா எழுந்து நடமாடியிருக்க மாட்டார். இதையெல்லாம் பார்த்தவன் மோட்சத்தைக் கேலி பேச மாட்டான்.

அப்படியானால் கையெழுத்துப் போடாமல் கையைக் கட்டிக்கொண்டதும் அதே நம்பிக்கையா? இதுதான் என்னைக் குடைந்தது. ஒரு நண்பரிடம் வேதப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தேன். நம்மைப் போலத் தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு இந்த மோட்ச நம்பிக்கை என்ன செய்தது என்றும் தேடிப் பார்த்தேன். கிடைத்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்கள் அங்கே அடிமைகளாக உழைத்தார்கள். அந்த அடிமைகளுக்கென்றே 1807இல் லண்டனில் ஒரு வேதப் புத்தகம் அச்சிட்டார்கள். முழு வேதம் அல்ல, பொறுக்கி எடுத்த பகுதிகள். பழைய ஏற்பாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இல்லை. புதிய ஏற்பாட்டில் பாதி இல்லை. வேலைக்காரன் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற இடம் இருந்தது. எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த அடிமைகளை மோசே விடுவித்து அழைத்துப் போன கதை இல்லை!

இன்னொன்றும் இல்லை. வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் முழுவதும் இல்லை. புதிய வானமும் புதிய பூமியும் வரும், கடவுளே மக்களின் கண்ணீரைத் துடைப்பார், அநியாயத்துக்குத் தீர்ப்பு உண்டு என்று சொல்லும் புத்தகம் அது. பரலோகத்தைப் பற்றி வேதத்தில் மிகுதியாகப் பேசும் புத்தகங்களில் ஒன்று அது.

தோழர்களே, கொஞ்சம் யோசியுங்கள். மோட்சத்தை நினைத்தால் தொழிலாளி வாயை மூடிக்கொண்டு உழைப்பான் என்றால், அந்தப் புத்தகத்தை ஏன் எடுக்க வேண்டும்? தங்க எழுத்தில் அல்லவா அச்சடித்துக் கொடுத்திருப்பார்கள்! அதில் உள்ள மோட்சம் அடிமையின் காதில் விழுந்தால் அவன் தலை நிமிர்ந்துவிடுவான் என்ற பயம்தானே?

அந்தப் பயம் வீண் போகவில்லை. அதே மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று ஜமைக்கா. அங்கே சாமுவேல் ஷார்ப் என்று ஓர் அடிமை. பாப்டிஸ்ட் சபையில் டீக்கனாக இருந்தவர். எழுதப் படிக்கத் தெரிந்தவர். செய்தித்தாளைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்வார். ஜெபக் கூட்டம் முடிந்த பிறகு, இரண்டு எஜமானர் பற்றிய இயேசுவின் போதனையை எடுத்து விளக்குவார். கடவுள் எஜமானாக இருக்கும்போது இன்னொரு மனிதன் எப்படி நமக்கு எஜமானாக முடியும் என்பது அவர் கேள்வி. 1831 கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும், கூலி கொடுத்தால் ஒழிய வேலைக்குப் போவதில்லை என்று திட்டம் போட்டார்கள். அதாவது வேலைநிறுத்தம்! நாம் இன்று பேசுகிற அதே ஆயுதம். சங்கமும் சட்டமும் இல்லாத காலத்தில் ஓர் உபதேசியார் எடுத்தது.

அது கலகமாக மாறியது. டிசம்பர் 27ஆம் தேதி முதல் தோட்டம் பற்றி எரிந்தது. ராணுவம் வந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் விசாரணை என்ற பெயரில் தூக்கிலிடப்பட்டவர்கள். ஷார்ப்பை 1832 மே 23ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். ஆனால் மறு ஆண்டே, 1833இல், பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1834 ஆகஸ்ட் 1ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. நஷ்ட ஈடு 2 கோடி பவுன், அதுவும் முதலாளிகளுக்கு! அடிமைக்கு ஒரு காசு இல்லை. 1975இல் ஜமைக்கா நாடு ஷார்ப்பைத் தேசிய வீரராக அறிவித்தது.

இது யாரோ கறுப்பர்களின் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். அடிமை இல்லாமல் போன பிறகு கரும்பை யார் வெட்டுவது? அப்போதுதான் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். 1834இல் மொரிஷியசுக்கு, 1838இல் பிரிட்டிஷ் கயானாவுக்கு. அதே ஒப்பந்த முறை மலாயாவுக்கும் வந்தது. இங்கே 1910இல் அதை நிறுத்தினார்கள். கங்காணி வழியாக ஆள் எடுப்பது 1938 வரை நடந்தது. ஆக, ஷார்ப்பின் ஆட்கள் விட்டுப் போன இடத்தில்தான் நம் பாட்டன் முப்பாட்டன் காலத்துக் கதை தொடங்குகிறது.

அடிமைகள் விடுதலையான அதே 1834இல் இங்கிலாந்திலும் ஒன்று நடந்தது. டால்புடில் என்ற கிராமம். வயல் கூலிகளின் வாரச் சம்பளம் 9 ஷில்லிங்கிலிருந்து 7 ஷில்லிங்குக்கு இறங்கியது. இன்னும் 6 ஷில்லிங்காக இறக்கப் போகிறோம் என்றார்கள். கூலிகள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ், மெதடிஸ்ட் சபையின் உள்ளூர்ப் பிரசங்கி. ரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று குற்றம் சாட்டி, ஆறு பேரை ஏழாண்டுத் தண்டனையில் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். மக்கள் கொதித்தெழுந்து ஊர்வலம் போனார்கள், மனுக் கொடுத்தார்கள். கவனியுங்கள், மனு! கையெழுத்துப் போட்ட மனு! 1836இல் ஆறு பேருக்கும் மன்னிப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் தொழிற்சங்கத்தார் அந்தக் கிராமத்தில் ஆண்டுதோறும் கூடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பரலோகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்த அதே வாய்தான் திங்கட்கிழமை ஏழு ஷில்லிங் போதாது என்று சொன்னது. இரண்டுக்கும் சண்டை இருப்பதாக லவ்லெசுக்குத் தோன்றவில்லை. ஷார்ப்புக்கும் தோன்றவில்லை. நம் லாரிக்காரத் தம்பிக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

சரி, வேதமே என்ன சொல்கிறது? எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். தவறு இருந்தால் வேதம் படித்தவர்கள் திருத்தலாம்.

'மேலே வீடு' என்பது வேதத்தில் இருக்கிறது. உண்மைதான். தம் தந்தையின் வீட்டில் தங்குமிடம் நிறைய உண்டு, சீடர்களுக்காக இடம் தயார் செய்யப் போகிறேன் என்று இயேசு சொல்கிறார். ஆனால் அதைச் சொன்னது பயந்துபோயிருந்த சீடர்களுக்குத் தைரியம் கொடுக்க. கீழே நடக்கிற அநியாயத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு அல்ல.

அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை எல்லாச் சபையும் சொல்கிறது. கடவுளின் விருப்பம் பரலோகத்தில் நடப்பது போலப் பூமியிலும் நடக்க வேண்டும் என்று அதில் கேட்கிறார்கள். அதற்கு அடுத்து என்ன கேட்கிறார்கள் தெரியுமா? அன்றாட ஆகாரம்! பரலோகத்தையும் சோற்றையும் ஒரே மூச்சில் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

பரலோக ராஜ்யம் எப்படி இருக்கும் என்று அவர் சொன்ன உவமைகளில் ஒன்று நம் பெரட்டுக் களத்திலிருந்து எடுத்தது போல இருக்கிறது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் காலையிலேயே கூலியாட்களை அமர்த்துகிறார். மாலையில் பார்த்தால் சிலர் வேலை கிடைக்காமல் நிற்கிறார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்றால், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் வேலைக்கு அனுப்பி, அவர்களுக்கும் முழு நாள் கூலி கொடுக்கிறார். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, பால் வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை என்று காலம் தள்ளிய நமக்கு இந்த உவமையை யாராவது விளக்க வேண்டுமா?

யாக்கோபு எழுதிய நிருபத்தில் இன்னும் காரமாக இருக்கிறது. நிலத்தில் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அது கடவுளின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பணக்காரர்களைப் பார்த்து எச்சரிக்கிறார். சங்கத்துக் கூட்டத்தில் நான்கூட அப்படிப் பேசியதில்லை!

கடைசியாக, எசாயா தீர்க்கதரிசி. புதிய வானமும் புதிய பூமியும் வரும்போது எப்படி இருக்கும் என்று அவர் சொல்லும் இடத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அங்கே வீட்டைக் கட்டுகிறவன் ஒருவன், குடியிருப்பவன் இன்னொருவன் என்று இருக்காதாம். தோட்டத்தை நட்டவன் ஒருவன், பலனைத் தின்பவன் இன்னொருவன் என்று இருக்காதாம். கட்டியவனே குடியிருப்பான், நட்டவனே சாப்பிடுவான்.

தாய்மார்களே, காட்டை வெட்டியது யார்? கன்று நட்டது யார்? நிரை பிடித்து மரம் வெட்டியது யார்? இன்றைக்கு வீட்டைக் காலி செய் என்று நோட்டீஸ் வாங்குவது யார்? கடவுள் தம் புதிய உலகத்தில் எதை அநியாயம் என்று நீக்கப் போகிறாரோ, அதே அநியாயம் நம் லயத்தில் நடக்கும்போது அவருடைய பிள்ளைகள் அதற்கு எதிராகக் கையெழுத்துப் போடுவது எப்படிப் பாவமாகும்?

சபைகளின் பெரியவர்களும் இதைச் சொல்லாமல் இல்லை. தொழிலாளர் சங்கம் அமைப்பது அவர்களுடைய உரிமை என்று போப்பாண்டவர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891லேயே சுற்றறிக்கை எழுதினார். புதிய உலகத்தை எதிர்பார்ப்பது இந்த உலகத்தைச் சீர்படுத்தும் அக்கறையைக் குறைக்கக் கூடாது, கூட்டவே வேண்டும் என்று 1965இல் வத்திக்கான் சங்கம் அறிவித்தது.

இந்த இடத்தில் நம் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. மதம் என்றாலே அபின் என்று தூக்கி எறியும் பழக்கம் நம்மில் சிலருக்கு இருக்கிறது. பசித்தவனுக்குச் சோற்றுக்குப் பதிலாகச் சொர்க்கத்தைக் காட்டுவதைக் கேலி செய்து அமெரிக்கத் தொழிற்சங்கப் பாடகர் ஜோ ஹில் 1911இல் ஒரு பாட்டே கட்டினார். அந்தக் கேலிக்கு நியாயம் உண்டு. அப்படிப்பட்ட பிரசங்கங்களும் உண்டு. ஆனால் கேலி செய்து ஒரு கையெழுத்தாவது வாங்கியிருக்கிறோமா? மேலும், கிறிஸ்தவர்களைச் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? "எல்லாம் தலையெழுத்துங்க, போன ஜென்மத்துப் பாவம்" என்று சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்த நம் வீடுகள் எத்தனை! அவர்கள் மேலே கையைக் காட்டுகிறார்கள், நம்மவர்கள் நெற்றியைக் காட்டுகிறார்கள். முதலாளிக்கு இரண்டும் ஒன்றுதான்.

நிற்க. அந்தத் தோட்டத்தில் நடந்ததின் மிச்சத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் போனேன். மனுவோடு அல்ல, இரவல் வாங்கிய வேதப் புத்தகத்தோடு! ஜெபம் முடிந்து வெளியே வந்தவர்களிடம் எசாயா சொன்ன இடத்தைக் காட்டி, "இதுக்கு என்ன அர்த்தம், நீங்கதான் சொல்லணும்" என்று கேட்டேன். யாரும் உடனே பேசவில்லை. அப்போது பின்னால் நின்ற ஒரு பாட்டி முன்னே வந்தார். எழுபதைத் தாண்டியவர். நாற்பது வருஷம் பால் மரம் வெட்டிய கை. விரல் மடங்கிப் போயிருக்கிறது.

"எங்க தம்பி அந்தப் பேப்பரு?" என்றார்.

மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "பாட்டி, உங்களுக்கும் மேல வீடு இருக்குதே?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"இருக்குய்யா. அதனாலதான் பயமில்லாம கையெழுத்து வெக்கிறேன். எனக்கு மேல வீடு இருக்கு. எம் பேரப் புள்ளைங்க நாளைக்கு எங்க படுக்கும்? பெரியவனுக்கு வயசு எட்டு. இப்பவேவா மேல அனுப்பறது?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பாட்டி சிரிக்கவில்லை. பேனாவைப் பிடித்து, எழுத்துக் கூட்டி, தம் பெயரை எழுதினார். அன்று அந்த வரிசையில் ஐந்து வீட்டுக் கையெழுத்து கிடைத்தது. லாரிக்காரத் தம்பி இன்னும் போடவில்லை. "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றிருக்கிறார். யோசிக்கட்டும். அவர் வீட்டையும் சேர்த்துத்தான் மனுவில் 38 என்று எழுதியிருக்கிறோம்.

பரலோகம் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அது எனக்கு மேற்பட்ட விஷயம். கிறிஸ்தவத் தோழர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் நம்பிக்கையை விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்கவில்லை. அதையும் கையோடு கொண்டு வாருங்கள். சாவுக்கே பயப்படாதே என்று சொல்லும் நம்பிக்கை, துரைக்கும் கிராணிக்கும் நோட்டீசுக்கும் பயப்படச் சொல்லுமா?

ஜெபம் செய்யுங்கள். முழங்காலில் இருந்து எழுந்ததும் நேரே கூட்டத்துக்கு வந்து சேருங்கள். உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம்.

ஒன்றுபடுவோம்! உரிமை பெறுவோம்!